மலையகத்தில் புகையும் இழுப்பும்: காற்று மாசின் பாதிப்பை இடஞ்சார் புள்ளிவிபரவியலால் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

விடியற்காலை நாலரை மணிக்கு இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று பள்ளத்தைப் பார்த்தால், அடுப்புப் புகை மேலே போகாமல் கூரைகளுக்குச் சற்று மேலே பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் இருந்த சுவடே தெரியாது. காற்றிலுள்ள துகளைப் பார்க்கும் டெரா செயற்கைக்கோள் நீண்ட காலம் நம் தலைக்கு மேலே வந்தது காலை பத்தரை அளவில். அதன் துணையான அக்குவா வந்தது பிற்பகல் ஒன்றரைக்கு. அதாவது கொழுந்துக்குப் போகிறவர்கள் சமைத்து, மூச்சில் புகையை வாங்கி, பிரட்டுக்களத்துக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், மலையில் பாதி நாள் வேலையும் முடித்த பிறகுதான் செயற்கைக்கோள் வந்து எட்டிப் பார்த்தது. அது தந்த படத்தை அப்படியே எடுத்து நோயாளர் எண்ணிக்கையோடு ஒட்டினால் என்ன விடை வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் தரவோடு மல்லுக்கட்டுபவர்கள், தோட்டங்களில் வேலை செய்யும் அமைப்புகளில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சராசரி, ரிக்ரெஷன் இரண்டும் தெரிந்திருந்தால் போதும். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், கணக்குக்கு ஆர், முதல் பார்வைக்கு ஜியோடா, மூன்றும் இலவசம்.

முதலில் ஒரு சொல்: ‘அருகில்’

1854இல் லண்டன் பிராட் தெருவில் கொலரா பரவியபோது வைத்தியர் ஜோன் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்த கதை பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத விடயம் ஒன்று உண்டு. திருத்திய வரைபடத்தில் அவர், அந்தத் தெருக் குழாயும் பிற குழாய்களும் நடை தூரத்தில் சமமாக வரும் இடங்களை இணைத்து ஒரு கோடு போட்டார். நேர்கோட்டுத் தூரத்தை அவர் நம்பவில்லை. தண்ணீருக்குப் போகிறவர் தெரு வழியாகத்தானே நடக்க வேண்டும்?

அருகிலுள்ளவை தூரத்திலுள்ளவற்றைவிட ஒன்றோடொன்று அதிகம் ஒத்திருக்கும் என்பது புவியியலாளர் வால்டோ டொப்லர் 1970இல் சொன்னது. இடஞ்சார் புள்ளிவிபரவியல், அதாவது எது எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்கும் இந்தத் துறை, முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் மலையகத்தில் அருகில் என்றால் என்ன? ஹப்புத்தளை முகட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் ஹல்துமுல்லைக்கு இறங்கும் சரிவு. மறுபக்கம் தியத்தலாவை, பண்டாரவளை, வெலிமடை. வரைபடத்தில் இரண்டு விரல் இடைவெளிதான். ஆனால் காற்று வேறு, மழை வேறு. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் விடாமல் மழை பெய்து தூசியைக் கழுவும்போது, முகடு தாண்டி ஊவாப் பக்கம் அதே காற்று கச்சானாக வறண்டு வீசும். பத்தனைப் புல்வெளிகளில் தீ பிடிக்கும் காலமும் அதுதான். ஒரே மாதம், இரண்டு காற்று. சமவெளிக்காக எழுதப்பட்ட கணிப்புச் சமன்பாடுகளைக் கொண்டுவந்து இங்கே ஓட்டினால் அவை முகட்டை ஒரு தாளைப்போல் ஊடுருவிச் சென்று இரண்டு பக்கத்தையும் கலந்துவிடும். இந்த வழிகாட்டியில் அடிக்கடி இந்த இடத்துக்குத்தான் திரும்பி வருவேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

‘காற்று மாசு உடல்நலத்தைப் பாதிக்கிறதா?’ என்பது கேள்வியே இல்லை. அதற்கு விடை எப்போதோ தெரிந்துவிட்டது. எந்த மாசு, எந்த நோய், யாருக்கு, எந்தக் காலத்தில் என்ற நான்கையும் ஒரே வசனத்தில் எழுதுங்கள். உதாரணம்: ‘நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சுவாசத் தொற்றால் விடுதியில் சேர்க்கப்படும் வீதம், பிஎம் 2.5 அதிகமுள்ள பிரிவுகளில் கூடுதலா?’ பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள். நுரையீரலின் அடிவரை போகும். அதற்கு இலங்கை 2008இல் வைத்த வரம்பு ஆண்டுச் சராசரியாகக் கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டல் அளவை 5க்கு இறக்கிவிட்டது. நாட்டின் வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தைச் ‘சுத்தம்’ என்று பிரித்து வைக்காதீர்கள்.

நோய்க்கேற்பக் காலமும் மாறும். ஆஸ்துமா இழுப்பு புகைபட்ட சில மணி நேரத்தில், சில நாளில் வரும். நீடித்த சுவாசத் தடை நோய் இருபது முப்பது வருட அடுப்படி வாழ்க்கையின் விளைவு. இரண்டையும் ‘சுவாச நோய்’ என்று ஒரே பெட்டியில் போட்டால் கணக்கு குழம்பும்.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்று. 2020, 2021இல் கொவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வருவதே குறைந்தது. 2022இல் எரிவாயு கிடைக்காமல் டவுன் வீடுகளிலும் விறகு அடுப்பு திரும்பி வந்தது. எரிபொருள் வரிசையால் வாகன ஓட்டம் சுருங்கியது. அந்த வருடங்களை மற்ற வருடங்களோடு கண்ணை மூடிச் சேர்க்கக்கூடாது. தனியாக வைத்துப் பார்த்தால், தெருப் புகையையும் அடுப்புப் புகையையும் பிரித்தறிய அதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது.

படி 2: இரண்டு புகை

கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கிறது. காலையில் மேலே வெப்பக் காற்று மூடிபோட, கீழே பஸ், வேன், ஓட்டோப் புகை வெளியேற வழியில்லாமல் தங்கும். அது வெளிப்புகை. லயக் காம்பராவில் (அறையில்) புகைக்கூண்டு இல்லாத அடுப்பிலிருந்து வருவது உட்புகை. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. இதற்கு நடுவில் மூன்றாவதாகத் தேயிலை ஸ்டோரும் (தொழிற்சாலையும்) உண்டு. கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்குப் பெரும்பாலும் விறகுதான்.

வெளிக் காற்றை மட்டும் அளந்தால் உட்புகை அதிகமுள்ள தோட்டம் ‘சுத்தமான’ இடமாக வரைபடத்தில் பச்சையாகத் தெரியும். ஆனால் நோய் அங்கேதான் இருக்கும். விடை தலைகீழாகும்: மாசு கூடினால் நோய் குறைகிறது! இப்படியொரு முடிவை நானே ஒரு முறை கண்டு திகைத்திருக்கிறேன். ஆகவே சமையல் எரிபொருள் வகையைப் பிரிவு வாரியாகக் குடிசன மதிப்பீட்டிலிருந்து எடுத்து, கணிப்பில் தனி மாறியாக வையுங்கள். புகைக்கூண்டு இருக்கிறதா, சமையலறை தனியா, படுக்கும் இடத்திலேயே அடுப்பா என்பதையெல்லாம் மாதிரியாகச் சில லயங்களில் நேரில் கேட்டால் இன்னும் நல்லது.

படி 3: முகவரியை இடமாக்குதல்

பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடும். மலையகத்தில் உங்கள் நேரத்தில் பாதி இதற்குத்தான் போகும். போகட்டும், அதற்குத் தகும்.

அரச வைத்தியசாலை விடுதிகளில் சேர்ந்தவர்களின் விபரம் நோய்களை வகைப்படுத்தும் சர்வதேச ஐசிடி-10 குறியீட்டோடு பதிவாகிறது: நிமோனியாவுக்கு ஜே12 முதல் ஜே18, நீடித்த சுவாசத் தடை நோய்க்கு ஜே44, ஆஸ்துமாவுக்கு ஜே45. முகவரிக் கட்டத்தில் பார்த்தால் தோட்டத்தின் பெயரும் தபால் கந்தோரும் மட்டும் இருக்கும். வீட்டு இலக்கம் இல்லை, தெரு இல்லை. ஒரு தோட்டத்தில் நான்கைந்து டிவிஷன், ஒவ்வொன்றும் வேறு மலை. உயரத்தில் முந்நூறு மீற்றர் வித்தியாசம்கூட இருக்கும். போதாததற்கு ஒரே தோட்டம் ஆவணத்தில் ஆங்கிலப் பெயராலும், சனங்களின் வாயில் முற்றிலும் வேறொரு தமிழ்ப் பெயராலும் அழைக்கப்படும். ‘மேல்பிரிவு’, ‘கீழ்ப்பிரிவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தத் தோட்டத்து மேல்பிரிவு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

என் முதல் முயற்சியில் தோட்டப் பெயரைத் தேடுபொறியில் போட்டேன், அது காட்டிய புள்ளியில் அந்தத் தோட்டத்து நோயாளர் எல்லோரையும் வைத்தேன். அந்தப் புள்ளி பெரும்பாலும் ஸ்டோர் இருக்கும் இடம். பிறகு ஸ்டோருக்கு எவ்வளவு அருகில் நோய் கூடுகிறது என்று கணக்குப் பார்த்தேன். அபாரமான தொடர்பு வந்தது! வராமல் என்ன செய்யும், எல்லோரையும் ஸ்டோர் வாசலில் குடியேற்றியது நான்தானே. மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தேன். ‘எங்கள் லயம் ஸ்டோருக்கு ரெண்டு மைல் மேலே தம்பி’ என்று ஒரு அக்கா சொன்ன பிறகுதான் விழித்தேன்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு பெயர் அகராதி செய்யுங்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு வரி: ஆவணப் பெயர், தமிழ் வழக்குப் பெயர், சிங்களப் பெயர், எழுத்துப் பிழையோடு வரும் வடிவங்கள், மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம அலுவலர் பிரிவு, லயங்களின் நடுப்புள்ளி. அந்தப் புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைப் பார்த்து நீங்களே வையுங்கள். தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரோடு ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் இணையத்தில் ஒரு மாதம் தேடியும் கிடைக்காதது கிடைக்கும். டிவிஷன் தெரியாத நோயாளர்களைத் தோட்ட நடுவில் தள்ளிவிடாமல், டிவிஷன்களின் சனத்தொகை விகிதப்படி பகிர்ந்து, அந்தப் பகிர்வை நூறு முறை மாற்றி ஓட்டிப் பாருங்கள். விடை எவ்வளவு ஆடுகிறது என்பது உங்கள் அறியாமையின் அளவு.

எல்லைகளிலும் கவனம் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள், இப்போது பத்து. பழைய தரவைப் புது எல்லையில் போட முதலில் கிராம அலுவலர் பிரிவுக்கு இறங்கி, பிறகு மேலே கூட்ட வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே போயின. எஞ்சியவர்கள் வேறிடம் போனார்கள். 2012 சனத்தொகையை அங்கே 2016 நோயாளருக்கு வகுக்கும் எண்ணாக வைக்க முடியாது.

இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய இலங்கை ஆள்கூற்று வலையின் மையம் நம் பிதுருதலாகலைதான். அங்கே இரண்டு ஆள்கூறுகளும் 500,000 மீற்றர். பழைய வலையில் அதே மலைக்கு 200,000. பழைய எண்களைப் புதிய வலையில் போட்டால் உங்கள் தோட்டம் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் மிதக்கும். மிதந்தால் நல்லது, பிழை உடனே தெரியும். கியூஜிஐஎஸ்ஸில் வலையைத் தெரிவு செய்யும் ஈபிஎஸ்ஜி இலக்கம் புதியதற்கு 5235, பழையதற்கு 5234.

இந்த நிலையிலேயே தனியுரிமையையும் யோசியுங்கள். பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் காசநோய்க்கு ஒரு புள்ளி வைத்தால் அது யார் என்று தோட்டமே சொல்லும். வெளியிடும் படத்தில் ஐந்து பேருக்குக் குறைந்த எண்ணிக்கை எதையும் காட்டாதீர்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவைத் தொடுவதற்கு முன்பே வேண்டும்.

படி 4: மாசு வரைபடம்

அளக்கும் நிலையங்கள் சில; வேண்டியதோ ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு எண். இடைவெளியை நிரப்ப இரண்டு வழி. ஒன்று கிரிகிங்: தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியியலாளர் டேனி கிரிகேயின் பெயரால் வந்தது. அளந்த புள்ளிகளுக்கு, தூரத்தையும் அவற்றின் ஒற்றுமை தூரத்தோடு குறையும் விதத்தையும் பார்த்து எடை கொடுக்கும். மற்றது நிலப்பயன்பாட்டு ரிக்ரெஷன்: உயரம், வீதிக்குள்ள தூரம், வீதியின் ஏற்றம், கூரை அடர்த்தி, ஸ்டோருக்குள்ள தூரம் போன்றவற்றிலிருந்து மாசை ஊகிக்கும். மலையகத்துக்கு இரண்டாவதை முதலில் செய்து, மிஞ்சிய பிழையைக் கிரிகிங்கால் நிரப்புவதே என் தெரிவு. வெறும் கிரிகிங் முகட்டைக் காணாது. மாறிகளில் ஒன்றை மறக்காதீர்கள்: அந்த இடம் சுற்றியுள்ள ஒரு கிலோமீற்றர் நிலத்தின் சராசரி உயரத்தைவிட எவ்வளவு தாழ்வு? பள்ளத்தில் புகை தேங்குவதை அந்த ஓர் எண் ஓரளவு பிடிக்கும். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த 30 மீற்றர் உயரத் தரவே இதற்குப் போதும்.

விலை குறைந்த சென்சர்களை நீங்களே வைக்கலாம், ஆனால் மூடுபனியை நினைவில் வையுங்கள். அவை லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளை எண்ணுபவை. பனித்துளியும் அவற்றுக்குத் துகள்தான். ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டும்போது அளவு ஊதிப் பெருக்கும். ஹட்டனிலோ நானுஓயாவிலோ அது அபூர்வ நிலை இல்லை, சாதாரண காலைப்பொழுது. ஒரு தரமான நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் சென்சரைச் சில வாரங்கள் வைத்து, ஈரப்பதனையும் சேர்த்துத் திருத்தச் சமன்பாடு எடுத்த பிறகே மலைக்குக் கொண்டு போங்கள். கண்டியில் எடுத்த திருத்தம் நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் அப்படியே பொருந்தும் என்றும் இருக்காதீர்கள்.

செயற்கைக்கோளுக்கு மேகம் எதிரி. பருவமழை மாதங்களில் வெற்றிடமே அதிகம். தெளிவான நாட்களின் சராசரியை ஆண்டுச் சராசரி என்று எழுதுவது வெயில் நாளில் மட்டும் மழை அளப்பது போன்றது.

சோதனைக்கு, ஒரு நிலையத்தை முழுவதுமாக மறைத்து மற்றவற்றிலிருந்து அதை ஊகித்துப் பாருங்கள். அடுத்து ஒரு பள்ளத்தாக்கையே மறைத்துப் பாருங்கள். முதல் சோதனையில் தேறிப் பலர் இரண்டாவதில் விழுகிறார்கள்.

படி 5: எண்ணிக்கையை வீதமாக்குதல்

வயதுக் கட்டமைப்பு இடத்துக்கிடம் மாறும். ஆகவே மாவட்ட வீதத்தை ஒவ்வொரு பிரிவின் வயதுக் குழுக்களுக்கும் பிரயோகித்து, ‘எதிர்பார்க்கும் எண்ணிக்கை’ எடுங்கள். உண்மை எண்ணிக்கையை அதனால் வகுத்தால் கிடைப்பது நியமப்படுத்திய விகிதம்.

விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. சின்ன டிவிஷன் ஒன்றில் 2 பேரை எதிர்பார்த்தோம், 4 பேர் வந்தார்கள்: விகிதம் 2. பெரிய பிரிவில் 40 எதிர்பார்த்தோம், 52 வந்தது: விகிதம் 1.3. படத்தில் முதலாவது கடும் சிவப்பு, மற்றது இளஞ்சிவப்பு. ஆனால் சராசரி 2 உள்ள இடத்தில் தற்செயலாகவே 4 அல்லது அதற்கு மேல் வருவது ஏழுக்கு ஒரு தடவை நடக்கும். 40 உள்ள இடத்தில் 52 அல்லது மேல் வருவது நூற்றுக்கு நான்கு தடவைதான். இப்போது இரண்டிலும் மேலும் கீழும் 10ஐக் கூட்டுங்கள்: 14ஐ 12ஆல் வகுத்தால் 1.17; 62ஐ 50ஆல் வகுத்தால் 1.24. வரிசை மாறிவிட்டது. ஆதாரம் குறைந்த இடத்தைச் சராசரிப் பக்கம் இழுக்கும் இந்த வேலைக்குத்தான் மென்மையாக்கல் என்று பெயர். அந்த 10 என் கையிலிருந்து வந்தது. உண்மையான கணிப்பில் தரவே அதைத் தீர்மானிக்கும்.

படி 6: அயல் யார்?

இப்போது நோய் கொத்தாக இருக்கிறதா என்று பார்க்க ‘அயல் அட்டவணை’ வேண்டும். எல்லை தொட்டால் அயல் என்பது மென்பொருளின் வழக்கமான விதி. அதை ஏற்காதீர்கள். மூன்று அட்டவணை செய்யுங்கள்: எல்லை தொடுவது, ஒரே நீர்ப்பிடிப்பில், அதாவது ஒரே ஆற்றுக்கு வடியும் சரிவில் இருப்பது, பஸ் போகும் வீதியில் நேரத்தால் அருகில் இருப்பது. புகைக்கு இரண்டாவது பொருந்தும். தொற்றுக்கும் ஆஸ்பத்திரிப் பழக்கத்துக்கும் மூன்றாவது.

ஒவ்வொன்றோடும் மொரான் குறியீட்டைக் கணக்கிடுங்கள். அவுஸ்திரேலியப் புள்ளியியலாளர் பற்றிக் மொரான் 1950இல் தந்தது. அயலவர்கள் ஒத்திருந்தால் 1ஐ நோக்கிப் போகும், ஒழுங்கில்லாவிட்டால் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். எண்களை 999 முறை குலுக்கிப் போட்டு உங்கள் மதிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். நீர்ப்பிடிப்பு அட்டவணையில் உயர்ந்தும், எல்லை அட்டவணையில் தாழ்ந்தும் வந்தால் ஏதோ பள்ளத்தாக்கு வழி நடக்கிறது என்று அர்த்தம். உறுதி இல்லை, தடயம். லூக் அன்செலின் 1995இல் தந்த உள்ளூர் வடிவம் கொத்து எங்கே என்று காட்டும்.

கொத்து தெரிந்ததும் துள்ளாதீர்கள். ஆதார வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இலேசான இழுப்புக்கும் சேர்க்கப்படுவார்கள். லயத்திலிருந்து இறங்கிப் பஸ் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிறவர்கள் தோட்ட டிஸ்பென்சரி மருந்தோடு சமாளிப்பார்கள், அது இந்தப் பதிவில் ஏறாது. நீங்கள் காண்பது நோயின் கொத்தா, கட்டிலின் கொத்தா? வயிற்றுவலி போல் புகைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்கும் அதே படம் வரையுங்கள். அதுவும் அங்கேயே சிவந்தால் அது கட்டில்தான்.

படி 7: கணிப்பு

எண்ணிக்கைத் தரவு என்பதால் புவசோன் ரிக்ரெஷன். எதிர்பார்க்கும் எண்ணிக்கையின் மடக்கையை நிலையான உறுப்பாகப் போடுங்கள். மாசு, சமையல் எரிபொருள், வறுமை, உயரம், குளிர்கால வெப்பநிலை, புகைப்பழக்கம், வைத்தியசாலைக்குப் பயண நேரம் ஆகியவை மாறிகள். அதன்மேல் ஜூலியன் பெசாக், யோர்க், மொலியே மூவரும் 1991இல் தந்த அமைப்பு: ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு மறைவான பகுதிகள், ஒன்று அயலோடு பகிர்வது, மற்றது தனக்கே உரியது. ஆர் மென்பொருளில் இன்லா பொதியால் மடிக்கணினியிலேயே சில நிமிடத்தில் ஓடும்.

இதில் ஒரு கண்ணி. மாசும் இடத்தோடு மெல்ல மாறுவது, அயல் பகுதியும் மெல்ல மாறுவது. அயல் பகுதி மாசின் பங்கை விழுங்கிவிடலாம். அயல் பகுதியோடும் இல்லாமலும் ஓட்டி இரண்டு விடையையும் எழுதுங்கள். மாசு 10 மைக்ரோகிராம் கூடும்போது ஆபத்து விகிதம் அயல் பகுதி இல்லாமல் 1.20 என்றும், சேர்த்தால் 1.05 என்றும் வந்தால், அழகான எண்ணை மட்டும் அறிக்கையில் வைப்பது நேர்மையில்லை.

உயரத்தை எப்படி வைப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உயரம் ஏற ஏறக் குளிர் கூடும், அடுப்பு எரியும் நேரம் கூடும், சன்னல் மூடும், ஆஸ்பத்திரி தூரமாகும். ஆகவே அதை நேர்கோடாக வைக்காமல் வளையவிடுங்கள்.

படி 8: உடைத்துப் பாருங்கள்

கிராம அலுவலர் பிரிவில் வந்த விடை, சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் வருகிறதா? தோட்டம் தோட்டமாகக் கூட்டினால்? எல்லையை மாற்றினால் விடையும் மாறுவது இந்தத் துறையின் பழைய நோய். பருவத்தால் பிரித்தும் ஓட்டுங்கள்: மே முதல் செப்டம்பர் வரை தனியாக, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை தனியாக. வடகீழ்ப் பருவக் காற்றோடு இந்தியத் துணைக்கண்டத்துத் தூசியும் வரும். அது எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறையச் சமமாகப் படிவதால் இடவேறுபாட்டை மழுக்கிவிடும். இன்னொன்று: பிரிவுகளுக்கிடையே கண்ட தொடர்பைத் தனி ஆளுக்குப் பொருத்தி எழுதக்கூடாது. புகை கூடிய பிரிவில் நோய் கூடியிருக்கிறது என்று எழுதலாம். புகை பட்ட அந்தப் பிள்ளைக்குத்தான் நோய் வந்தது என்று உங்கள் தரவு சொல்லவில்லை.

படி 9: திருப்பிக் கொடுப்பது

இரண்டு படம் அச்சடியுங்கள். ஒன்றில் ஆபத்து விகிதம், மற்றதில் அது 1ஐத் தாண்டியிருப்பதற்கான நிகழ்தகவு. நிகழ்தகவு 80 சதவீதத்துக்குக் கீழே உள்ள பிரிவுகளைச் சாய்கோட்டால் மூடுங்கள். சிவப்பு நிறம் வேண்டாம், பயமுறுத்தும். ஊதாவோ கபிலமோ போதும். பிரிவுகளின் பெயரைத் தமிழ் வழக்குப் பெயரில் போட்டு, ஆவணப் பெயரைச் சின்ன எழுத்தில் கீழே வையுங்கள்.

அதைப் பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்திலோ) டிஸ்பென்சரியிலோ மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருங்கள். ஆட்கள் முதலில் தங்கள் லயத்தைத் தேடுவார்கள். பிறகு பேச்சு தொடங்கும்: இந்தப் பக்கத்துக்குப் போன வருடம் புகைக்கூண்டு வைத்துக் கொடுத்தார்கள், அந்தப் பக்கத்து ரப்பர் விறகு கண்ணை எரிக்கும், இந்த டிவிஷனில் பாதிப் பேர் இப்போது கொழும்பில். ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பெயர் அகராதியில் இன்னும் இரண்டு மூன்று பிழை அன்றைக்கே பிடிபடும். திருத்திவிட்டு மூன்றாம் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.